பாடம் சொல்பவரும் முதியவர், கேட்பவரும் முதியவர்

அமெரிக்காவில் வயதானவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இளைஞர்கள் பட்டத்துக்காகப் படிக்கும் வகுப்பிலேயே, காலியாகக் கிடக்கும் பின்வரிசை நாற்காலியில் அனுமதி பெற்று உட்கார்ந்து கேட்பது ஒன்று. ஓய்வு பெற்றவர்கள் தாமே கூடி, பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தங்களுக்கு வேண்டிய பாடங்களை வகுத்துக்கொண்டு, ஆசிரியர்களையும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே தேடிக்கொள்ளும் அமைப்பில் உறுப்பினராவது மற்றொன்று. வட கரோலினாவில் மகளோடு வந்து குடியேறிய பிறகு இரண்டு வழியிலும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் வாசலில் கல்வி கிடைத்தது. இரண்டாவதில் கல்வியோடு வேலையும் கிடைத்தது. அந்த வேலைதான் முக்கியம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்து, 58 வயதில் ஓய்வு பெற்றவள் நான். (அந்த வயது வரம்பு 2020இல் 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது, எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தி, மாலை போட்டு, "இனிமேலாவது வீட்டில் நிம்மதியாக இருங்கள், டீச்சர்" என்று வாழ்த்தி அனுப்பினார்கள். வாழ்த்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் தெம்பும் தலையில் நினைவும் இருக்கிற ஒருவர் அடுத்த 20, 25 ஆண்டுகளை நிம்மதியை மட்டுமே வைத்து ஓட்டிவிட முடியாது.

முதல் வாசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், அரசுப் பல்கலைக்கழகங்கள் முதியவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காமல் வகுப்பில் அமர அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் 1974இலேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அங்கே 60 வயது ஆகியிருந்தால் போதும். வட கரோலினாவில் 65 வயதைக் கடந்த மாநிலவாசிகளுக்கு அந்தச் சலுகை உண்டு. வகுப்பில் இடம் மிச்சமிருக்க வேண்டும், கல்வி நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டமும் கிடையாது. எங்கள் பகுதியிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றை இப்படித்தான் ஒரு பருவம் கேட்டேன். பேராசிரியர் நன்றாகப் பாடம் நடத்தினார். மாணவர்கள் மரியாதையானவர்கள், நான் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனாலும் அது அவர்களுடைய வகுப்பு. கட்டணத்துக்குக் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகளின் விவாத நேரத்தை, இலவசமாக உட்கார்ந்திருக்கிற நான் எடுத்துக்கொள்வது முறையல்ல என்று எனக்கே தோன்றியதால், பருவம் முழுவதும் வாய் திறவாமல் குறிப்பெடுத்தேன். வகுப்பு முடிந்ததும் அவர்கள் அடுத்த வகுப்புக்கு ஓடுவார்கள். நான் கார் நிறுத்துமிடத்துக்கு நடப்பேன். கடைசி நாள்வரை அந்த அறையில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

இரண்டாவது வாசலைத் திறந்தவர்கள், எதிர்பார்க்கக்கூடியபடியே, பள்ளி ஆசிரியர்கள். நியூயார்க்கில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் சுமார் 150 பேர், முதியவர்களுக்கென்று அப்போது நடத்தப்பட்டுவந்த வகுப்புகள் தங்கள் அறிவுப் பசிக்குப் போதவில்லை என்று முடிவு செய்து, 1962இல் நியூ ஸ்கூல் என்ற உயர்கல்வி நிறுவனத்தின் ஆதரவில் 'ஓய்வு பெற்ற தொழில்முறையாளர் கழகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே சம்பளத்துக்கு ஆசிரியரை அமர்த்தவில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உறுப்பினர்களே படித்து, உறுப்பினர்களே முன்நின்று நடத்தினார்கள். அந்த வழி மெல்லப் பரவியது. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராம் கழகம் 1976இல் தொடங்கியது. ஆனால் அங்கே பாடம் எடுப்பவர்கள் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள். அதற்கடுத்த ஆண்டே ஹார்வர்டிலும், எங்கள் ஊருக்கு அருகே டர்ஹாமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய கழகங்கள் வந்துவிட்டன.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு மாதிரி நடந்தது. பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர் 1973இல் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் முதியவர்களுக்காகப் பல்கலைக்கழக வகுப்புகளைத் திறந்துவிட்டார். படிக்கும் பருவம், உழைக்கும் பருவம் ஆகிய இரண்டுக்கும் பின் வருவது மூன்றாம் பருவம். அங்கே பல்கலைக்கழகம் கொடுத்தது, முதியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1981இல் அதே பெயர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது, வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டும் அவருடைய தோழர்கள் மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோரும் அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கலைத்துப் போட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடையே மருத்துவர், பொறியாளர், தையற்காரர், மாலுமி என்று எல்லோரும் இருக்கும்போது வெளியிலிருந்து ஆசிரியர் எதற்கு என்பது அவர்கள் கேட்ட கேள்வி. சொல்லிக்கொடுக்கிறவர் கற்கவும் வேண்டும், கற்கிறவர் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்பதையே கொள்கையாக எழுதிவைத்தார்கள். பிரிட்டனில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் அந்த அமைப்பு நடக்கிறது. உறுப்பினர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். பல்கலைக்கழகம் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. தேவாலயக் கூடங்களிலும் நூலகங்களிலும் உறுப்பினர் வீட்டு வரவேற்பறைகளிலும் வகுப்பு நடக்கிறது. சீனா பெரும்பாலும் துலூஸ் வழியில் போயிற்று. 1983இல் ஷாண்டோங் மாகாணத்தின் ஜினான் நகரில் தொடங்கிய முதியோர் பல்கலைக்கழகம், அரசின் ஆதரவோடு நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பெருகியது.

அமெரிக்கக் கழகங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கட்டடம், அலுவலகம், நூலக அட்டை, கொஞ்சம் ஊழியர்கள் எல்லாம் பல்கலைக்கழகத்துடையவை. பாடத்திட்டமும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் உறுப்பினர்களுடையவர்கள். இந்த நடுவழிக்குப் பணபலம் கொடுத்தவர் பெர்னார்ட் ஓஷர். மேய்ன் மாநிலத்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் தொழில் செய்து செல்வந்தரானவர். அவருடைய அறக்கட்டளை 2001இல் சதர்ன் மேய்ன் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே நடந்துவந்த முதியோர் கல்லூரிக்கு நிதி அளித்தது. அதன் பிறகு மற்ற பல்கலைக்கழகங்களும் வரிசையாகக் கேட்டு வாங்கின. முதலில் சில ஆண்டுகளுக்குச் செலவுத் தொகை, கழகம் தானாக நிற்கும் என்று தெரிந்த பிறகு பத்து லட்சம் டாலருக்குக் குறையாத வைப்பு நிதி என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. இப்போது 50 மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 125 ஓஷர் வாழ்நாள் கல்விக் கழகங்கள் இருக்கின்றன. வட கரோலினாவில் மட்டும் மூன்று: டர்ஹாமில் டியூக், ராலேயில் மாநிலப் பல்கலைக்கழகம், மலைப்பகுதியான ஆஷ்வில்லில் ஒன்று. டியூக்கின் பழைய கழகம் 2004இல் ஓஷர் குடும்பத்தில் சேர்ந்தது. நான் உறுப்பினராக இருப்பது அதில்தான்.

சேருவதற்கு 50 வயதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எந்தத் தகுதியும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஓர் உறுப்பினர் கட்டணம், அதற்கு மேல் எடுக்கும் பாடத்துக்கு ஒரு கட்டணம். இலையுதிர் பருவம், குளிர்காலம், வசந்தம் என்று பாடங்கள் ஓடும். பாடப் பட்டியல் வந்த நாளன்று எங்கள் வீட்டில் ஒரே அமளியாக இருக்கும்; அமெரிக்க அரசியல் சாசனம், பறவை நோக்குதல், ஷேக்ஸ்பியர், பங்குச் சந்தை, குவாண்டம் இயற்பியல், சுயசரிதை எழுதுதல், ஜாஸ் இசை என்று எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் பேத்தியைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்பேன். பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் நல்ல பாடங்கள் நிரம்பிவிடும். தீபாவளிக்கு ரயிலில் இடம்பிடித்துப் பழகிய கைகள் எனக்கு, ஆகவே பெரும்பாலும் கேட்டது கிடைத்துவிடுகிறது.

வகுப்பறைக்குள் முதலில் கண்ணில் படுவது கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை. எழுத்து பெரியதாக, இரண்டு மேசை தள்ளியிருந்தும் படிக்கும்படி இருக்கும். பெயர் மறந்துபோவது அங்கே எல்லோருக்கும் உள்ள குறை என்பதால் அதற்காக ஒருவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் உறுப்பினர்களிலிருந்தே ஓர் உதவியாளர் இருப்பார். வருகை பார்ப்பது, ஒலிவாங்கியைக் கேள்வி கேட்பவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, புரொஜெக்டர் மக்கர் செய்தால் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது, யாராவது இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால் தொலைபேசியில் நலம் விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒலிவாங்கி இல்லாமல் பேச அனுமதியே இல்லை. "எனக்கு உரத்த குரல், அது வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்த ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதிக்கும் அந்த விதி தளரவில்லை. உரத்த குரல் காதுக்கருவியில் இரைச்சலாகத்தான் விழும், ஒலிவாங்கி வழியாக வந்தால்தான் தெளிவாகக் கேட்கும் என்று முன்வரிசை அம்மையார் ஒருவர் அவருக்கு எடுத்துச் சொன்னார். நான் முதலில் ஏற்றுக்கொண்ட வேலையும் இந்த உதவியாளர் வேலைதான்.

ஒரு வேலையை ஏற்றுக்கொண்டபின் வருவது வேறு மாதிரியான வருகை. பாடம் பிடித்தால் போகலாம், பிடிக்காவிட்டால் வீட்டிலிருக்கலாம் என்ற கணக்கு அதற்குப் பிறகு இல்லை. நான் போகாவிட்டால் ஒலிவாங்கியைத் திறந்துவைக்க ஆளில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் இழந்தது சம்பளத்தை அல்ல, அதற்கு ஓய்வூதியம் வருகிறது. என்னை எதிர்பார்த்து ஓர் இடத்தில் சிலர் காத்திருக்கிறார்கள் என்ற நிலையை இழந்திருந்தேன். மகள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே நான் பார்த்துக்கொள்ளப்படுகிறவள்.

பிறகு நானே ஒரு பாடம் நடத்த விண்ணப்பித்தேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகள், ஆறு வாரம். விண்ணப்பப் படிவம் எளிமையானதுதான், ஆனால் பாடத்திட்டக் குழுவின் கேள்விகள் அப்படியல்ல. ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர், வேதியியலாளர் ஒருவர், தலைமை ஆசிரியை ஒருவர் என்று குழுவில் இருந்தவர்கள் சோழரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசுவீர்கள், அவர்கள் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று கேட்டார்கள். தமிழ்நாட்டு வகுப்பறையில் காலமெல்லாம் நின்று பேசிய எனக்கு அந்தக் கேள்வி புதிது. பாடத்தைப் பிரித்து மறுபடி அடுக்கினேன். ஒவ்வொரு வாரமும் பாதி நேரம் அவர்களுக்கு.

மூன்றாவது வாரம் சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பு முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்து உருக்கிப் பிசைந்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்ததும் சற்றுக் கரடுமுரடான மண்ணால் மேலும் பூசிக் கட்டுவார்கள். வறட்டி நெருப்பில் வைத்துச் சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிட, வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்துத் திருமேனியை எடுப்பார்கள், ஆகவே ஓர் அச்சில் ஒரு திருமேனிதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். அவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். "நான் நாற்பது ஆண்டுகளாகச் செய்தது இதைத்தானே" என்றார். தங்கப் பல் உறை செய்வதற்கு அவர்களும் முதலில் மெழுகில் உருவம் செதுக்கி, மாவு போன்ற ஒரு கலவையில் அதைப் புதைத்து, சூடாக்கி மெழுகை ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் உருகிய தங்கத்தைச் செலுத்துவார்களாம். 1907இல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதைத் தங்கள் தொழிலுக்குள் கொண்டுவந்தார் என்று வரலாற்றையும் சேர்த்துச் சொன்னார். அடுத்த வாரம் மெழுகும் கருவிகளும் ஒரு பெட்டியில் வந்துவிட்டன. உலோகம் உள்ளே போகும்போது காற்று வெளியேற எங்கே வழி வைப்பது, வைக்காவிட்டால் எங்கே குமிழ் விழும், உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று அவர் கடைவாய்ப் பல் ஒன்றின் மெழுகு உருவைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். நடராசர் திருமேனியில், சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசிக்கும் விரிசடைக்கும் இடையே உள்ள தொடர்புகளைக் கலையழகாக மட்டுமே பார்த்துவந்த நான், அன்றைக்கு வார்ப்புக்காரரின் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாவது வாரமும் அப்படித்தான் போயிற்று. பத்தூர் நடராசரைப் பற்றிய வாரம் அது: 1976இல் தமிழ்நாட்டின் பத்தூரில் இடிந்த கோயில் ஒன்றின் அருகே மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டு, கடத்தப்பட்டு லண்டன் போய், கனடிய நிறுவனம் ஒன்று விலைகொடுத்து வாங்கியிருந்த நிலையில் காவல்துறை கைப்பற்றிய திருமேனி. அந்த இடிந்த கோயிலே ஒரு சட்டபூர்வ நபராக லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என்று 1988இல் தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அது நிலைத்து, 1991இல் நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வத்துக்குச் சொத்துரிமை உண்டு என்பது வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரிந்தது. மேலே குறிப்பிட்ட அதே நீதிபதி, இந்த முறை ஒலிவாங்கியோடு, கம்பெனியும் மாநகராட்சியும் வழக்குப் போட முடியும் என்றால் கோயிலுக்கு ஏன் முடியாது என்று ஆங்கிலேயச் சட்ட மரபைப் பிரித்துக் காட்டினார். அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த இன்னோர் உறுப்பினர் அவரோடு மோதினார். நான் கொண்டுபோயிருந்த படங்களில் பாதியைக் காட்டவே நேரமில்லை. என் வகுப்புகளில் மிக நன்றாக அமைந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படிச் சொல்லும்போது எல்லாமே பொன்னாகத் தோன்றும், அப்படி இல்லை. எல்லாப் பருவத்திலும் ஒரு வகுப்பிலாவது, தன் உத்தியோக காலத்துப் பெருமைகளைக் கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் பேசுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அதைவிடப் பெரிய குறை, யார் அங்கே இருக்கிறார்கள் என்பது. டர்ஹாமில் கறுப்பின மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். வகுப்பறையில் அந்த விகிதம் தெரிவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி படித்த, ஓய்வூதியத்துக்குக் கவலையில்லாத, சொந்தமாகக் கார் ஓட்டுகிற வெள்ளையர்கள். கட்டணச் சலுகை இருக்கிறது என்றாலும், பகல் பதினொரு மணிக்கு வகுப்பு வைத்தால் 68 வயதிலும் கடையில் நின்று வேலை செய்கிற பெண் எப்படி வருவார்? நிதியளிப்பவரும் பல்கலைக்கழகமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் பேச்சு நடந்த அளவுக்கு நேரங்களும் இடங்களும் மாறவில்லை.

கூடிப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு, 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை வைத்து நடத்தி, 2014இல் வெளியிட்டது. சிலர் மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாகப் பதினாறரை மணி நேரம் டிஜிட்டல் புகைப்படக்கலை கற்றார்கள். சிலர் ஒட்டுத் துணிப் போர்வை தைக்கக் கற்றார்கள். சிலர் இரண்டையும் கற்றார்கள். இன்னொரு குழு அதே அளவு நேரம் கூடி அரட்டை, விளையாட்டு, சுற்றுலா என்று கழித்தது. வேறு சிலர் வீட்டிலேயே இசை கேட்டும் சொற்புதிர் போட்டும் இருந்தார்கள். நினைவாற்றல் தெளிவாகக் கூடியது புதிதாகக் கடினமான ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான்; அதிலும் புகைப்படம் கற்றவர்களுக்கு அதிகம். கூடி மகிழ்ந்தவர்களுக்கு மகிழ்ச்சி கிடைத்திருக்கும், நினைவாற்றலில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. தெரிந்ததையே திரும்பச் செய்வதால் மூளைக்குப் பெரிய வேலை இல்லை என்பதுதான் இதன் சாரம். மூன்று மாதப் பலன் எத்தனை காலம் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஆகவே மறதி நோயைத் தடுக்கும் மருந்து போல இந்த வகுப்புகளை விளம்பரப்படுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை.

பல்கலைக்கழக வளாகத்திலேயே முதியவர்களைக் குடிவைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. மாசசூசெட்ஸில் லாசல் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள குடியிருப்பில் சேர்கிறவர்கள், ஆண்டுக்கு 450 மணி நேரம் கற்றலிலோ உடற்பயிற்சியிலோ ஈடுபட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020இன் இறுதியில் இருபது மாடி முதியோர் குடியிருப்பு திறந்தது; இசை மாணவர்கள் சிலர் அங்கேயே தங்கி முதியவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் எதிரிலிருந்த இசைக் கூடத்தின் இரவு நேர இரைச்சல் தாங்காமல் அதே குடியிருப்புத் தரப்பு நீதிமன்றம் போனதும் நடந்தது. இளைஞர்களுக்கு நடுவில் வாழ ஆசைப்பட்டவர்கள் அவர்களுடைய சனிக்கிழமை இரவையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் சிரித்தார். எப்படியும், இந்தக் குடியிருப்புகளில் சேரும் செலவு என் போன்றோருக்கு எட்டாது.

நம் ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கழகத்தில் அடிக்கடி கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறையவே இருக்கிறது என்று சொல்வேன். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகமும், அதன் வழியில் பல ஊர்களில் எழுந்த கம்பன் கழகங்களும், திருவாசக முற்றோதல் குழுக்களும், திருக்குறள் வகுப்புகளும் ஓய்வு பெற்றவர்களின் உழைப்பில்தான் நடக்கின்றன. மேடை கட்டுவதிலிருந்து சுண்டல் கொடுப்பதுவரை எல்லாம் தன்னார்வம். ஆனால் மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஐந்நூறு பேரில் எத்தனை மின்வாரியப் பொறியாளர்கள், எத்தனை செவிலியர்கள், எத்தனை நெசவாளர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சாளர் பேசுவார், நாம் கைதட்டிவிட்டு வருவோம். நம் பல்கலைக்கழகங்களிலும் வயதுவந்தோர் கல்வி, தொடர்கல்வி என்று துறைகள் இருக்கின்றன. மாலை வேளையில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. 58 வயதிலும் 60 வயதிலும் வேலையிலிருந்து வெளியே வந்த ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். துணைவேந்தர் ஒருவர் ஒரு கூடத்தையும் ஓர் எழுத்தரையும் ஒதுக்கிக் கொடுத்தால் மற்றதை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பணம் கூடப் பெரிய தடை அல்ல.

வகுப்பைத் தாண்டியும் கழகத்துக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. சேர்ந்து நடப்பவர்கள், சேர்ந்து நாடகம் பார்ப்பவர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், ஸ்பானிய மொழி பேசிப் பழகுபவர்கள் என்று ஆர்வக் குழுக்கள் பல. கோவிட் காலத்தில் எல்லாம் ஸூம் திரைக்குப் போனபோது, எண்பது வயதுக்காரர்களுக்கு எழுபது வயதுக்காரர்கள் தொலைபேசியில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதும் பாடங்களில் ஒரு பகுதி திரைவழியாகவே நடக்கிறது. இரவில் கார் ஓட்ட முடியாதவர்களுக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் துணையை விட்டு வர முடியாதவர்களுக்கும் அது வரம்.

ராலேக்கு அருகிலுள்ள கேரி, மாரிஸ்வில் பகுதிகளில் நம்மவர்களின் அம்மா அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாலை அது திரும்பும்வரை வீட்டில் தொலைக்காட்சித் தொடர். சனி ஞாயிறுகளில் வேங்கடேசுவரர் கோயில். நான் கூப்பிட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொல்லும் தடைகள் இரண்டுதான். ஒன்று கார். அதற்கு வழி இருக்கிறது: கழகத்தில் சொன்னால் அதே திசையிலிருந்து வரும் ஓர் உறுப்பினரோடு சேர்த்துவிடுகிறார்கள், எனக்கே முதல் ஆண்டில் ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர்தான் வண்டி. மற்றொன்று ஆங்கிலம். "அவர்கள் பேசுகிற வேகத்துக்கு நமக்குப் புரியுமா, மாமி?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார். அந்தக் கவலை வேண்டியதே இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது, ஆகவே எல்லோருமே நிறுத்தி நிதானமாகத்தான் பேசுகிறார்கள்.